வீடியோ விளையாட்டுகளில் தர்மசங்கடம்

ஒரு நாவலின் கதாநாயகன் தன் நண்பனைக் காட்டிக்கொடுக்கும்போது, படிக்கிற நாம் வருந்துகிறோம், சினம் கொள்கிறோம், சில வேளை அவனிடத்தில் நம்மை வைத்துப் பார்த்து நடுங்கவும் செய்கிறோம். ஆயினும் துரோகம் செய்தவன் அவனே என்பதில் நமக்குச் சந்தேகம் எழுவதில்லை. ஆர்.பி.ஜி. என்று விளையாடுவோர் சுருக்கமாக அழைக்கும், பாத்திரமேற்று ஆடும் வீடியோ விளையாட்டில் இந்த ஆறுதலுக்கு இடமில்லை. துரோகத்தின் வாசகம் திரையில் நாலைந்து வரிகளுள் ஒன்றாக நிற்கிறது. அதைத் தேர்ந்தெடுக்கும் விரல் நம்முடையதாக இருக்கிறது. வாசகத்தை எழுதியவர் ஒருவர், அதைச் செய்கையாக்கியவர் வேறொருவர் என்ற இந்தப் பங்கீடு கதைக்கலையில் அதிகம் பழக்கமில்லாத ஒன்றாதலால், அத்தகைய கதையை எழுதும் ஆசிரியர் தர்மசங்கடத்தை எவ்வளவு திறம்படக் கையாண்டார் என்று தீர்ப்புச் சொல்வதற்கு, நாவலுக்கும் நாடகத்துக்கும் நாம் வைத்திருக்கும் அளவுகோல்கள் போதவில்லை. 2009-ல் வெளிவந்த மிகேல் சிகார்ட்டின் ‘தி எதிக்ஸ் ஆஃப் கம்ப்யூட்டர் கேம்ஸ்’ என்ற நூல், விளையாடுபவர் காட்டியதை ஏற்றுக்கொள்ளும் ஜடமல்லர், தர்மத்தைத் தாமே ஆராயவல்ல கர்த்தா என்று வாதிட்டது. அது விளையாடுபவரின் பொறுப்பைப் பற்றிய வாதம். எழுதுபவரின் பொறுப்பைப் பற்றியே இங்கு ஆராய விரும்புகிறேன்.

இவ்விளையாட்டுகளைப் புகழ்வோர் பெரும்பாலும் எத்தனை வழிகள் உண்டு, எத்தனை முடிவுகள் உண்டு என்று எண்ணிச் சொல்கிறார்கள். அல்லது நன்மையும் தீமையும் பிரித்தறிய இயலாதபடி கதை இருண்டிருப்பதையே ஆசிரியரின் முதிர்ச்சிக்கு அடையாளமாகக் கொள்கிறார்கள். இரண்டும் எனக்கு உடன்பாடில்லை. வழிகள் பெருகினும் அவற்றில் நடப்பவரின் உள்ளம் ஒரு சிறிதும் அசையாதிருக்கக் கூடும். எல்லாருமே கயவர் என்று எழுதிவிடுவதற்கோ அதிக விவேகம் தேவைப்படுவதில்லை. தேர்வுக்கு முன்னர், எதைத் தேர்கிறோம் என்று உணர்வதற்கு வேண்டிய அறிவை ஆசிரியர் நமக்கு நேர்மையாகத் தந்தாரா என்று முதலில் கேட்க வேண்டும். தேர்வுக்குப் பின்னர், நாம் செய்ததை அந்த உலகத்தில் நினைவில் வைத்திருப்பது யார், ஒரு மனிதரா அல்லது ஓர் எண்ணா என்று அதைக் காட்டிலும் அழுத்தமாகக் கேட்க வேண்டும். கடந்த நாற்பது ஆண்டுகளில் இத்துறையில் எழுதியவர்களுள் பெரிய ஆசிரியர்களை ஏனையோரிடமிருந்து பிரித்துக் காட்டுவது இந்த இரண்டாவது கேள்வியே என்பது என் துணிபு.

இதன் சரித்திரம் காகிதத்திலும் பகடையிலும் தொடங்குகிறது. 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டில், ஒவ்வொரு பாத்திரமும் ஒழுங்கின் பக்கமா, குழப்பத்தின் பக்கமா, நடுநிலையா என்று முன்னரே குறித்துவைக்கப்பட்டது. சில ஆண்டுகளில் நன்மை, தீமை என்ற இரண்டாவது பகுப்பும் சேர்ந்து ஒன்பது கட்டங்களாயின. மனிதர்கள் மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடியவரையில் அதனால் பெருந்தீங்கு விளையவில்லை. ஏனெனில் ஆட்டத்தை நடத்துபவர், ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டு, சந்தர்ப்பத்தையும் நோக்கத்தையும் சீர்தூக்கி முடிவு சொல்லக் கூடியவராக எதிரில் இருந்தார். கணினிக்கு எண்ணத் தெரியும். நோக்கத்தை விசாரிக்கத் தெரியாது. ஆகவே அந்தக் கட்டங்கள் கணினிக்குள் புகுந்தபோது விசாரணை நின்றுபோய், எண்ணிக்கை மட்டும் எஞ்சியது.

அந்த எண்ணிக்கையைக் கொண்டே ஓர் உயர்ந்த காரியத்தைச் செய்ய முயன்றவர் ரிச்சர்ட் கேரியட். அவருடைய ‘அல்டிமா’ வரிசையின் முதல் மூன்று விளையாட்டுகளில் கடைக்காரரைக் கொன்றும் ஊராரிடம் திருடியும் உலகைக் காப்பாற்றும் வீரராக முடிசூடிக்கொள்ள இயன்றது. 1985-ல் வெளிவந்த நான்காவது அல்டிமாவில் அவர் வதம் செய்ய வேண்டிய அரக்கனையே எடுத்துவிட்டார். வாய்மை, கருணை, வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு என்ற எட்டுக் குணங்களில் தேறி ‘அவதார்’ ஆவதே அங்கே குறிக்கோள். அப்பெயரும் கருத்தும் ஹிந்து சமயத்திலிருந்து அவர் எடுத்துக்கொண்டவை. தொடக்கத்தில் குறி சொல்லும் பெண்ணொருத்தி, இரண்டு நற்குணங்கள் ஒன்றோடொன்று மோதும் கேள்விகளாகக் கேட்கிறாள். எந்த விடையும் தவறில்லை. எதை உயர்வாக மதிக்கிறோம் என்பதைக் கொண்டு நம் தொழில் நிர்ணயமாகிறது. மூலிகை விற்கும் கிழவிக்குக் கண் தெரியாது. கேட்ட பொருளுக்குரிய காசை நாமே எண்ணி வைக்க வேண்டும். ஒரே ஒரு காசை வைத்துவிட்டு நடந்தாலும் அவள் நன்றி சொல்லி அனுப்புகிறாள், மணி அடிப்பதில்லை, எச்சரிக்கை தோன்றுவதில்லை. பல நாழிகைக்குப் பிறகு, அரசனின் கோட்டையிலிருக்கும் ஹாக்விண்ட் என்ற ஞானியிடம் நம் வாய்மையைப் பற்றி விசாரித்தபோதுதான், ஒருவரும் பார்க்கவில்லை என்று நாம் எண்ணியது கணக்கில் ஏறியிருப்பது தெரிய வருகிறது.

இது மகத்தான காரியம் என்பதில் எனக்கு ஐயமில்லை. கணக்கை மறைத்து வைத்ததனால், விளையாடுபவர் பலனைக் கருதாமல் இயல்பாக நடந்துகொள்ளும் சந்தர்ப்பத்தைக் கேரியட் உண்டாக்கினார். ஆயினும் அந்தக் கணக்கின் சூட்சுமத்தை அறிந்துகொண்டவர், பிச்சைக்காரர்களைத் தேடிப்போய்க் காசு போட்டுப் போட்டே கருணையில் தேறிவிட முடியும். ஏமாற்றப்பட்ட கிழவியோ கடைசிவரை ஏதும் அறியாதவளாகவே இருக்கிறாள். குற்றம் ஏட்டில் பதிந்தது. குற்றத்துக்கு ஆளானவரின் உள்ளத்தில் பதியவில்லை. இந்தக் குறையைக் கேரியட் உணர்ந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதற்குக் காரணம், 1988-ல் அவர் எழுதிய ஐந்தாவது அல்டிமா. அதில் பிளாக்தார்ன் என்ற கொடுங்கோலன் அதே எட்டுக் குணங்களைச் சட்டமாக்கி, மீறுவோரைத் தண்டித்து நாட்டை நரகமாக்குகிறான். நாம் அவனிடம் சிறைப்பட்டால், ரகசிய மந்திரங்களைச் சொல், இல்லையேல் உன் தோழன் சாவான் என்கிறான், சொல்லாவிட்டால் கொன்றும் விடுகிறான். அந்தத் தோழன் பிறகு மீள்வதேயில்லை. முந்தைய விளையாட்டில் எண்களாக இருந்த தியாகமும் மானமும் இங்கே பெயரும் முகமும் உடைய ஒருவரின் உயிராக மாறி நிற்கின்றன.

இப்படிப்பட்ட ஆரம்பத்தைக் கண்ட கலை, அடுத்த இருபது ஆண்டுகளில் கணக்கேட்டை மறைப்பதற்குப் பதிலாகத் திரையிலேயே மாட்டிவைக்கும் வழக்கத்துக்கு வந்தது வருந்தத்தக்கது. 2003-ல் வந்த, பயோவேர் நிறுவனம் உருவாக்கிய ‘ஸ்டார் வார்ஸ்: நைட்ஸ் ஆஃப் தி ஓல்ட் ரிபப்ளிக்’ சுவையான கதை, டிரூ கார்பிஷின் தலைமையில் எழுதப்பட்ட அதன் நடுத்திருப்பத்தை இன்றும் ரசிகர்கள் பேசுகிறார்கள். ஆனால் அதில் ஒளியின் கோடியிலோ இருளின் கோடியிலோ நிற்பவருக்கே சக்தி அதிகம் கிடைப்பதால், ஒரு முறை முடிவு செய்துவிட்ட விளையாட்டுக்காரர் அதன்பின் எதையும் ஆலோசிக்க வேண்டியதில்லை. 2007-ல் தொடங்கிய ‘மேஸ் எஃபெக்ட்’ வரிசையில் நல்ல வார்த்தை மேலேயும் முரட்டு வார்த்தை கீழேயும் எப்போதும் அதே இடத்தில் நின்றன. நீல நிறத்திலோ சிவப்பு நிறத்திலோ ஒளிரும் சிறப்பு வாசகங்கள் அந்தந்தப் பக்கத்தில் மதிப்பெண் சேர்த்தவருக்கே திறந்தன. சமயத்துக்கேற்பக் கருணையும் கண்டிப்பும் காட்டிய விவேகி இரண்டும் கிடைக்காமல் தண்டிக்கப்பட்டார். அதை உருவாக்கியவர்களில் ஒருவர் 2020-ல், ஏறக்குறைய 92 சதவீதத்தினர் நல்வழியிலேயே விளையாடினார்கள் என்று சொன்னபோது பலர் வியந்தார்கள். வியப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. நிறமும் இடமும் பார்த்துத் தேர்கிற மனிதர், எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார்.

எண்ணிக்கை எவ்வாறு தர்மத்தைத் தின்றுவிடுகிறது என்பதற்குத் தெளிவான சான்று, முழு ஆர்.பி.ஜி. என்று சொல்ல இயலாத ‘பயோஷாக்’ விளையாட்டில் இருக்கிறது. 2007-ல் வந்த அவ்விளையாட்டில், சிறுமியொருத்தியைக் கொன்று அவளுடலிலுள்ள சத்தை எடுத்தால் 160 அலகு கிடைக்கும். காப்பாற்றி விட்டால் 80 அலகு. கதை இதைப் பயங்கரமான சோதனையாகவே நம்முன் வைக்கிறது. ஆனால் மூன்று சிறுமிகளைக் காப்பாற்றியவருக்கு 200 அலகு வெகுமதியாக வந்து சேர்கிறது. ஆகக் கொலையின் வரவு 480, கருணையின் வரவு 440. வெகுமதியோடு வரும் ஏனைய பொருள்களையும் சேர்த்தால் கருணை நஷ்டமேயில்லை. விலையில்லாத தியாகத்தைத் தியாகம் என்று எழுதியவர் சொல்லலாம். விளையாடுபவரின் கை அதை நம்பாது.

மதிப்பெண்ணுக்கு எதிராக எழுந்த கலகங்களில் புகழ்பெற்றது, அதே ஸ்டார் வார்ஸ் உலகத்தில், அப்சிடியன் நிறுவனத்துக்காகக் கிறிஸ் அவெலோன் தலைமை ஏற்று எழுதி 2004 டிசம்பரில் வெளிவந்த இரண்டாவது விளையாட்டு. நார் ஷடா என்ற துணைக்கோளில் ஒரு பிச்சைக்காரன் காசு கேட்கிறான். கொடுத்தால், உடன்வரும் கிரேயா என்ற முதியவள், அந்தக் காசுக்காக அவன் வேறொருவனால் தாக்கப்படுவதை நம் மனக்கண்ணில் காட்டி, உன் கருணை அவனைப் பலவீனப்படுத்தியது என்று கடிந்துகொள்கிறாள். விரட்டியடித்தாலோ, அவன் தன் வலியை இன்னொருவன் மேல் இறக்குவதைக் காட்டி அதற்கும் கடிந்துகொள்கிறாள். பல விமரிசகர்கள் இக்காட்சியை இத்துறையின் சிகரமாகக் கொண்டாடுகிறார்கள். எனக்கு அதில் பாதி மகிழ்ச்சியே உண்டு. எண் சொல்லாத ஒன்றை ஒரு மனுஷி சொல்லுகிறாள், நம் செயலை ஒருத்தி பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது பெரிய முன்னேற்றம். ஆனால் இரு வழியிலும் தண்டனையை முன்கூட்டியே அமைத்துவிட்டு, அதையே தத்துவமாகச் சொல்லுவது ஆசிரியர் தம் அதிகாரத்தைப் பிரயோகிப்பதாகும். நூறு பிச்சைக்காரருள் ஒருவன் அந்தக் காசில் சோறு வாங்கித் தின்றிருக்கலாம் என்ற சாத்தியத்தை அவர் நமக்கு மறுத்துவிடுகிறார். கிரேயாவின் சொல் மறுக்கத்தக்க ஒரு பாத்திரத்தின் சொல்லாக நிற்கும்போது காட்சி உயிரோடிருக்கிறது. அதுவே உலகத்தின் விதியாகிவிடும்போது உயர்ந்த ரகத்துக் கணக்கேடாகி விடுகிறது.

முன்னறிவைப் பற்றிய முதல் கேள்விக்கு வருவோம். 2008-ல் பெதஸ்டா நிறுவனம் வெளியிட்ட ‘ஃபால்அவுட் 3’ இதில் நீண்ட பாடம் கற்பிக்கிறது. அணு யுத்தத்தில் அழிந்த அமெரிக்கத் தலைநகர்ப் பிரதேசத்தில் டென்பென்னி டவர் என்ற மாளிகை. உள்ளே வசதியானவர்கள், வெளியே கதிர்வீச்சால் உருச்சிதைந்து ஒதுக்கப்பட்டவர்கள், அவர்களின் தலைவன் ராய் பிலிப்ஸ். உள்ளிருப்போரின் துவேஷத்தை ஒவ்வொருவராகப் பேசிக் கரைத்து, இரு சாராரையும் ஒன்றாக வாழவைக்க நாம் பாடுபடலாம். சில நாள் கழித்துத் திரும்பிவந்தால், பழைய குடிகள் அனைவரும் கொல்லப்பட்டுக் கிடக்கிறார்கள். இதை நான் குற்றம் சொல்லவில்லை. ராயின் பேச்சில் முதலிலிருந்தே வன்மம் கனன்றது, அதைக் கேட்டும் கேளாமல் சமரசத்தின் இன்பத்தில் மயங்கியவர் நாமே. குற்றம் அடுத்த கணத்தில் இருக்கிறது. படுகொலை செய்த ராயை நாம் கொன்றால், விளையாட்டின் ‘கர்மா’ என்ற அளவை நம்மைப் பாவியாகக் குறைத்துவிடுகிறது. கதை ஒன்றைச் சொல்ல, ஏடு அதற்கு மாறானதைத் தீர்ப்பாக எழுதுகிறது. கதையை எழுதிய கையும் கணக்கை எழுதிய கையும் ஒன்றையொன்று அறியவில்லை.

அவ்விளையாட்டின் முடிவு இன்னும் துயரமானது. நீரைச் சுத்திகரிக்கும் யந்திரத்தை இயக்க, கொல்லும் கதிர்வீச்சு நிறைந்த அறைக்குள் ஒருவர் போயாக வேண்டும். உடன் நிற்கும் ஃபோக்ஸ் என்ற கூட்டாளியைக் கதிர்வீச்சு ஒன்றும் செய்யாது. முன்னரே அப்படிப்பட்ட அறையொன்றுக்குள் நமக்காகப் போய்வந்தவன் அவன். இப்போது அவனைக் கேட்டால், இது உன் விதி, அதில் நான் குறுக்கிட மாட்டேன் என்கிறான். ஆசிரியருக்குத் தியாகத்தில் முடியும் கதை தேவைப்பட்டது. அதற்காக, தாம் சிருஷ்டித்த பாத்திரத்தின் நட்பையும் அறிவையும் ஒருங்கே பலியிட்டார். 2009-ல் வந்த பிற்சேர்க்கையில் ஃபோக்ஸை அனுப்பும் வழியைத் திறந்துவிட்டார்கள். விளையாடுவோர் கோபித்ததற்குச் சாவுக்கு அஞ்சியது காரணமன்று. தங்களுக்குத் தெரிந்த ஓர் உண்மையைத் தெரியாததுபோல நடிக்கும்படி அவர்கள் நிர்ப்பந்திக்கப்பட்டார்கள்.

இதற்கு நேர்மாறான பிழை, கஷ்டமான தேர்வை உண்டாக்கிவிட்டுப் பின்வாசலைத் திறந்துவைப்பது. டேவிட் கெய்டர் தலைமையில் எழுதப்பட்டு 2009-ல் வந்த ‘டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்’ பல இடங்களில் நான் மிகவும் மதிக்கும் விளையாட்டு, மதிப்பெண் பலகையைத் தூக்கியெறிந்து, நம்மோடு பயணம் செய்வோரின் விருப்பு வெறுப்பையே அளவாக்கியது அது. அதில் ரெட்கிளிஃப் கோட்டையில் கானர் என்ற சிறுவனைப் பிசாசு பற்றியிருக்கிறது. அவனைக் கொல்லலாம், அல்லது அவன் தாய் இசோல்ட் தன்னுயிரைத் தர, மந்திரத்தால் அவனை மீட்கலாம். இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று கலங்குபவருக்கு, தொலைதூரத்து மாயாவிகளின் கோபுரத்துக்குப் போய் உதவி பெற்று வரும் மூன்றாவது வழியும் உண்டு. அதில் தாயும் பிள்ளையும் பிழைக்கிறார்கள், நாம் போய்வரும் காலத்தில் கோட்டையில் ஒரு தீங்கும் நடப்பதில்லை. முயற்சியால் நல்வழி காண முடியும் என்று எழுதுவது தவறன்று, வாழ்க்கையிலும் அது உண்மையே. ஆனால் அதே ரெட்கிளிஃபில், இரவுப் போருக்கு முன் கிராமத்தைக் கைவிட்டுப் போனால் கிராமம் அழிந்துவிடுகிறது; காலத்துக்கு விலை உண்டு என்று ஆசிரியரே சற்று முன்புதான் நமக்குக் கற்பித்தார். கோட்டையில் அந்தப் பாடத்தை அவரே மறந்தது ஏன்?

போலந்து நாட்டவர் இந்த இடத்தில் இரக்கமற்ற நேர்மை காட்டினார்கள். ஆந்திரே சப்கோவ்ஸ்கியின் கதைகளைத் தழுவி சிடி புராஜெக்ட் ரெட் நிறுவனம் உருவாக்கிய ‘விட்சர்’ வரிசையில், ஒரு தேர்வின் பலன் பல மணி நேர விளையாட்டுக்குப் பிறகே வருகிறது. பிடிக்காவிட்டால் முன்பு சேமித்துவைத்த நிலையை (‘சேவ்’) மீண்டும் ‘லோட்’ செய்து மாற்றிக்கொள்வோம் என்ற வசதி அதனால் பறிபோகிறது. 2015-ல் வந்த மூன்றாம் விளையாட்டில், சதுப்பு நிலத்துக் குன்றொன்றின் மரத்தடியில் ஓர் ஆவி அடைபட்டிருக்கிறது. அதைக் கொல்லும்படி டவுன்வாரன் கிராமத்தார் கேட்கிறார்கள். கிராமமோ சதுப்பின் மூன்று சூனியக்காரிகளுக்கு அடிமை. தன்னை விடுவித்தால் அவர்கள் தின்னப்போகும் அநாதைக் குழந்தைகளைக் காப்பாற்றுவேன் என்று ஆவி மன்றாடுகிறது. விடுவித்தால் சொன்னபடி குழந்தைகளைக் காப்பாற்றுகிறது, பிறகு கிராமத்தைச் சின்னாபின்னமாக்குகிறது. கொன்றால் கிராமம் தப்புகிறது, குழந்தைகள் மறைகிறார்கள்.

இவ்வளவோடு நின்றிருந்தால் இதுவும் உயிர்களை எண்ணிப்பார்க்கும் கணக்காகவே முடிந்திருக்கும். அந்தக் குழந்தைகளைப் பேணி வந்தவள் அன்னா. குடித்துவிட்டு அடிக்கும் கணவனோடு வாழ்ந்த துன்பத்தில் சூனியக்காரிகளோடு உடன்படிக்கை செய்துகொண்டு, அதன் விலையாக அவர்களிடம் கொத்தடிமையானவள். அவளைத் தேடித் தரும்படி நம்மை அனுப்பியவனோ அந்தக் கணவன், பிளடி பேரன் என்று ஊரார் அழைக்கும் படைத்தலைவன். குழந்தைகள் தப்பினால் சூனியக்காரிகளின் கோபம் அன்னாவின் மேல் இறங்குகிறது. அவள் சாபத்தால் உருமாறி மடிகிறாள், அவன் தூக்கிட்டுக்கொள்கிறான். குழந்தைகள் தப்பாவிட்டால் அவள் சித்தம் கலங்குகிறது. அவன் அவளை அழைத்துக்கொண்டு வைத்தியம் தேடித் தொலைதூர மலைகளுக்குப் புறப்படுகிறான். இத்தொடர்பை முன்னறிய நமக்கு வழியில்லையே, இது நியாயமா என்று சிலர் கேட்பதுண்டு. ஆவி நம்பத்தக்கதன்று என்பதற்குப் போதிய குறிப்புகள் உண்டு. அன்னாவின் பொறுப்பில் குழந்தைகள் இருப்பதையும் நாம் கண்டிருக்கிறோம். அதற்குமேல் தெரியாதிருப்பது மனிதருக்கு இயல்பான தெரியாமையே. என்னை அதிகம் ஈர்ப்பது வேறொன்று: இந்தக் கதையில் நாம் செய்ததற்கு மதிப்பெண் இல்லை, பாராட்டும் இல்லை, தூக்குக் கயிறும் பித்துப் பிடித்த கண்களும் மட்டுமே நம் செய்கையை வைத்திருக்கும் ஏடுகள். மனைவியை அடித்தவனிடம் இரக்கம் கொள்ளும்படி செய்துவிட்டு, அவன் அடித்ததை ஒரு கணமும் மன்னிக்காமல் எழுதியிருப்பது அருமையிலும் அருமை.

எனினும் இவை அனைத்துக்கும் மேலாக நான் வைப்பது, 1999 டிசம்பரில் வெளிவந்த, பிளாக் ஐல் ஸ்டுடியோஸின் ‘பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்’ என்ற விளையாட்டைத்தான். அவெலோன் தலைமை வகித்து உருவாக்கிய அதில், பெயரில்லாத ஒருவன் பிணவறையில் கண்விழிக்கிறான். சாவு அவனுக்கில்லை, ஆனால் முன்பு வீழ்ந்து எழுந்ததில் நினைவு அழிந்துவிட்டது. முந்தைய பிறவிகளைப் போன்ற அந்த வாழ்க்கைகளில் அவன் செய்தவை உலகெங்கும் சிதறிக் கிடக்கின்றன. அவன் மறந்துவிட்டான், மற்றவர்கள் மறக்கவில்லை. உரையாடல்களில் பல இடங்களில் ஒரே வாக்கியம் இருமுறை வருகிறது, ஒன்றின் முன் மெய் என்றும் மற்றொன்றின் முன் பொய் என்றும் குறித்திருக்கும். எதிரிலிருப்பவர் காதில் விழும் சொல் ஒன்றே, வேறுபடுவது சொல்பவனின் உள்ளம் மட்டுமே. குருக்ஷேத்திரத்தில் யானையின் சாவைச் சொல்லித் துரோணரை வீழ்த்திய தருமனின் வாக்கைப் பல நூற்றாண்டுகளாக விவாதித்து வந்தவர்கள் நாம். நோக்கமே செயலின் உயிர் என்ற அந்த நுட்பத்தைக் கணினியில் இத்தனை எளிமையாக எழுதிக் காட்டியவர் வேறெவரையும் நான் அறியேன்.

அதில் டக்கான் என்ற போர்வீரன் நம்மோடு வருகிறான். தன் சமயத்தில் நம்பிக்கையிழந்து சாகக் கிடந்தவனுக்கு, நம்முடைய பழைய பிறவியொன்று அச்சமயத்தின் கல்வட்டத்தைக் கொடுத்து உயிர்ப்பித்தது. நீ சாகும்வரை உனக்குத் தொண்டு செய்வேன் என்று அவன் சத்தியம் செய்தான். சாகவே சாகாதவனுக்குச் செய்த சத்தியம் அது. அவனை அடிமையாக்கவே அந்த உபகாரம் செய்யப்பட்டது என்று பின்னால் தெரியும்போது, அதுவரை அவன் வாளின் உதவியை மகிழ்ந்து அனுபவித்த நமக்கு அந்த உதவி கசந்துவிடுகிறது. டியோனாரா என்ற பெண்ணின் ஆவி, இறந்தபின்னும் நம்மை நேசித்து வழிகாட்டுகிறது. அனுபவங்களைக் கல்லில் பதிந்து வைக்கும் மாளிகையொன்றில், அவள் ஒருநாள் பதித்துவைத்த கல்லைத் தொட்டால், அவளுடைய காதல் ஏக்கத்தையும், அதே வேளையில் அவளைப் பயன்படுத்திக்கொள்ளவே அன்பு காட்டி நடித்த பழைய நம் உள்ளத்தின் குளிர்ந்த கணக்கையும் ஒருங்கே உணர்கிறோம். நாம் சாகும் ஒவ்வொரு முறையும் நமக்குப் பதிலாக எங்கோ ஒருவர் உயிர்விட்டார் என்பதும் கடைசியில் வெளிப்படுகிறது. மற்ற விளையாட்டுகளில் செத்து எழுவது யாரும் கேள்வி கேட்காத சௌகரியம். இங்கே அந்தச் சௌகரியமே நம் பெயரில் எழுதப்பட்ட குற்றமாகிறது. ராவெல் என்ற கிழவி கேட்கும், மனிதனின் இயல்பை மாற்றவல்லது எது என்ற கேள்விக்கு ஆசிரியர் பல விடைகளை அனுமதிக்கிறார். அவை வெறும் சொல்லாகாமல் நிற்பதற்குக் காரணம், டக்கானும் டியோனாராவும் நம் பின்னால் நின்று அந்த விடையைக் கேட்டுக்கொண்டிருப்பதுதான்.

இப்படி ஒரு விளையாட்டு வந்த பின்னும் ஏனையோர் ஏன் இந்த வழியில் வரவில்லை என்று கேட்பவர், ஆசிரியருக்குள்ள தளைகளையும் கருத வேண்டும். பிளேன்ஸ்கேப் பெரும்பாலும் எழுத்திலேயே பேசியது. ஒரு கிளையைச் சேர்ப்பதற்கு எழுதுபவரின் உழைப்பே பிரதானச் செலவு. மேஸ் எஃபெக்டில் ஒவ்வொரு வாக்கியத்தையும் நடிகர் பேச வேண்டும், கதாநாயகரின் வாக்கியங்களை ஆண்குரலிலும் பெண்குரலிலும் இருமுறை பதிய வேண்டும், முகங்கள் அசைய வேண்டும். யாருமே பார்க்காமல் விட்டுவிடக்கூடிய காட்சிக்கு அவ்வளவு பணம் செலவிட எந்த நிறுவனமும் தயங்கும். கிரேயாவின் கதையோ பண்டிகைக் காலத்து விற்பனைக்காக அவசரப்படுத்தப்பட்டு, இறுதிப் பகுதியின் பல காட்சிகள் வெட்டுண்டே வெளிவந்தது. அவற்றை ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்து மீட்டார்கள். ஆகவே ஆசிரியர் என்று நாம் சொல்வது, எழுதியவர், கட்டமைத்தவர், பணம் போட்டவர் எல்லாரும் கலந்த ஒரு கூட்டுப்பெயர். குறையைச் சொல்லும்போது அது எழுத்தின் குறையா, காலத்தின் குறையா என்று விசாரித்தே சொல்ல வேண்டும். இத்தளைகளுக்குள்ளும் பயோவேர் ஆசிரியர்கள் வென்ற இடங்கள் உண்டு. மூன்றாம் மேஸ் எஃபெக்டில், ஓர் இனத்தின் மலட்டு நோய்க்கான மருந்தை நாம் ரகசியமாகக் கெடுத்துவிட்டால், நம்மைச் சகோதரனாகக் கருதிய ரெக்ஸ் பின்னால் உண்மையை அறிந்து நம்மை எதிர்கொள்கிறான். அங்கே நீலமும் சிவப்பும் மறந்துபோகின்றன. நண்பனின் குரல் ஒன்றே தீர்ப்பாக ஒலிக்கிறது.

2015-ல் டோபி ஃபாக்ஸ் ஏறக்குறையத் தனியொருவராக உருவாக்கிய ‘அன்டர்டேல்’, நினைவின் எல்லையைக் கதைக்கு வெளியேயும் நீட்டியது. தாய்போல் பரிவு காட்டிய டோரியலைத் தவறிக் கொன்றுவிட்டு, மனம் கேளாமல் பழைய சேவுக்குத் திரும்பி அவளைப் பிழைக்கவைப்பவரை, ஃபிளவி என்ற பூ எதிர்ப்பட்டு, நீ அவளைக் கொன்றது எனக்குத் தெரியும் என்கிறது. லோட் செய்தால் எல்லாம் அழிந்துவிடும் என்று நாம் நம்பியிருந்த ஒரே புகலிடத்தையும் ஆசிரியர் எடுத்துக்கொள்கிறார். ஆனால் அந்த நினைவு நம்மைக் குற்றவாளியாக நிறுத்துவதோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. நினைவில் வைத்திருப்பவர் நம்மீது அன்புடையவராகவும் இருந்தால் என்ன நேரும் என்பதை, பிளேன்ஸ்கேப்பைத் தம் முன்னோடியாக ஏற்ற எஸ்தோனிய எழுத்தாளர்கள் சிந்தித்தார்கள்.

ராபர்ட் குர்விட்ஸின் தலைமையில் எழுதப்பட்டு 2019-ல் வந்த ‘டிஸ்கோ எலிசியம்’ விளையாட்டில், குடியில் தன்னையே மறந்துபோன போலீஸ் துப்பறிவாளர் ஒருவர், மார்ட்டினேஸ் என்ற துறைமுகச் சேரியில் மரத்தில் தொங்கும் பிணத்தைப் பற்றி விசாரிக்கிறார். தர்மத்துக்கு மதிப்பெண் அதில் கிடையாது. பக்கத்தில் கிம் கிட்சுராகி என்ற சக அதிகாரி குறிப்பேட்டுடன் நிற்கிறார். இனவெறி பேசும் ஒருவனின் சித்தாந்தத்தை நாம் வேடிக்கையாக ஒப்பித்துப் பார்க்கலாம். வேற்றினத்து வழிவந்த கிம் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அப்போது அவர் பெரிதாக ஏதும் சொல்வதில்லை. அவருடைய மதிப்பு ஒரு படி இறங்கியதை மட்டும் நாம் உணர்கிறோம். உலகத்தை அழிப்பதா காப்பதா என்பது போன்ற பெரிய தேர்வுகளைக் காட்டிலும், இன்னொருவர் செவியில் விழும்படி என்ன பேசினோம் என்பதே அங்கே அறத்தின் களமாகிறது. இறுதியில் பழைய சகாக்கள் வந்து, இவரை மறுபடி வேலையில் சேர்ப்பதா என்று விசாரிக்கையில், இத்தனை நாளும் குடித்தாரா, வழக்கை நடத்தினாரா, எப்படி நடந்துகொண்டார் என்று ஒவ்வொன்றாகக் கேள்வி எழுகிறது. கிம் காயப்படாமல் உடனிருந்தால், கண்டதைக் கண்டபடி சாட்சி சொல்கிறார். நான்காம் அல்டிமாவின் ஹாக்விண்ட் ஞானி சொன்ன தீர்ப்பும் இதுவும் வடிவத்தில் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் ஹாக்விண்ட் எண்ணைப் படித்தார். கிம்மோ நம்மால் புண்பட்டும், நம்மோடு நடந்தும், நம் உயிரைக் காத்தும் வந்தவர், அவருக்கு நம்மைப் பற்றித் தவறாக எண்ணவும் உரிமையுண்டு, மன்னிக்கவும் உரிமையுண்டு. அத்தகைய ஒரு சாட்சியை எழுதத் தெரிந்த ஆசிரியர்கள் இன்னும் மிகச் சிலரே இருக்கிறார்கள். புதிதாக வரும் விளையாட்டுகளில் முடிவுகளை எண்ணிப் பார்ப்பதற்கு முன் அந்தச் சாட்சியைத்தான் நான் தேடுகிறேன்.